துக்கமும் பேண்டேஜ் துணியும்: 'கருக்கு', 'சங்கதி' மறுவாசிப்புக்குச் சில குறிப்புகள்

1

ராஜபாளையத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் கூடி வாசிக்கிறோம். பத்துப் பேர் வந்தால் பெரிய கூட்டம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறிப் போவேன். சத்திரப்பட்டியிலிருந்து ஒரு தோழர் வருவார். விசைத்தறியில் பேண்டேஜ் துணி ஓட்டுகிறவர், சங்க வேலையில் ஊறியவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். எங்களில் அவரளவுக்கு வாசித்தவர் யாரும் கிடையாது. ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

'முடியல தம்பி. பேப்பர் வாங்குறதையே நிறுத்திட்டேன். காஸாவுல ஒரு பிள்ளைக்குத் தலையில கட்டுப் போடுறாங்க. அந்தத் துணியவே பாத்துக்கிட்டு இருந்தேன். நம்ம தறியில ஓடுற துணி மாதிரியே இருக்கு. அன்னைக்கு ராத்திரி ஷிப்டுக்குப் போகல. இவ்வளவு வருசம் கூட்டம் போட்டு, நோட்டீஸ் அடிச்சு, நான் என்னத்தக் கிழிச்சேன்?'

நான் சொன்ன பதில் இது: 'இது நடுத்தர வர்க்கச் சோர்வுண்ணே. வேலையில எறங்குனா சரியாயிரும்.'

பன்னிரண்டு மணி நேரம் தறியில் நிற்கிற மனிதரைப் பார்த்து வேலையில் இறங்கச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காபி வாங்கிவரப் போய்விட்டார். இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து எழுதப்படுகிறது.

2

உலகத்துத் துயரம் தாங்காமல் ஒருவர் ஒடுங்கிப்போனால் அவரைப் பற்றிப் பேச நம்மிடம் இரண்டு சொல்லாடல்கள் இருக்கின்றன. ஒன்று இயக்கத்தின் சொல்லாடல்: சோர்வு ஒரு விலகல், அதைத் திருத்த வேண்டும். மற்றது இன்று எங்கும் விற்கப்படுகிற மனநலச் சொல்லாடல்: செய்தி பார்க்காதே, மூச்சை இழுத்து விடு, உன் எல்லையை நீ வகுத்துக்கொள். ஒன்றுக்கொன்று எதிரியாக நிற்கிற இவை ஒரு இடத்தில் கைகுலுக்கிக்கொள்கின்றன. இரண்டுக்குமே துக்கம் என்பது தனிமனிதக் கோளாறு. குண்டு போட்டவனைப் பற்றிய கேள்வி போய், குண்டு விழுந்ததைப் பார்த்தவனின் பலவீனம் பற்றிய கேள்வி வந்துவிடுகிறது. மருத்துவரிடம் போக வேண்டியவர்கள் போகத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. மருத்துவமனை வாசலோடு அரசியல் முடிந்துவிடுகிறது என்பதில்தான் மறுப்பு.

ஃபிராய்ட் 1917இல் வெளிவந்த கட்டுரையில் துக்கம் அனுசரித்தலையும் மனச்சோர்வு நோயையும் பிரித்துக் காட்டினார். துக்கம் காப்பவருக்குத் தான் எதை இழந்தோம் என்று தெரியும். சோர்வு நோயில் விழுந்தவருக்கு இழந்தது எதுவென்று பிடிபடுவதில்லை. இன்னொருவர்மேல் வைத்திருந்த குற்றச்சாட்டைத் தன்மேலேயே திருப்பிக்கொள்கிறார். ஃபிராய்ட் பேசியது பெரும்பாலும் அந்தரங்க இழப்பைப் பற்றி. அதைச் செய்தி வாசிக்கிறவன்மேல் பொருத்துவது என் பொறுப்பு. 'நான் என்னத்தக் கிழிச்சேன்' என்ற தோழரின் வாக்கியத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதிகாரத்தைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, முகவரி மாறி அவரிடமே வந்து நிற்கிறது. அந்தப் பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியாது. எண்ணிக்கை தெரியும். எண்ணிக்கைக்கு எப்படித் துக்கம் காப்பது?

3

பெயரைப் பற்றி இந்த மண்ணில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1997இல் இந்த மாவட்டத்துக்கான அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. தலித் வீரர் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் பரவியது, உயிர்கள் போயின. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் தப்பவில்லை. அரசு கண்ட தீர்வு என்ன? போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அந்த ஆண்டே எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான்.

எனக்கு அப்போது ஏழு வயது. பஸ் ஓடாத நாட்கள் நினைவிருக்கின்றன. செத்தவர்களில் ஒருவர் பெயர்கூட எம்.ஏ. முடிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது. பெயரை எடுத்துவிட்டால் பிரச்சினை போய்விடும் என்பது அரசின் மனநல வைத்தியம். பிரச்சினை போகவில்லை. துக்கம் காக்கிற வழி மட்டும் அடைபட்டது.

4

இதே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை ஒட்டிய புதுப்பட்டியில் பிறந்தவர் பாமா. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறி, கையில் ஒன்றுமில்லாமல் நின்ற நிலையில் எழுதிய 'கருக்கு' 1992இல் வந்தது. அதைத் தன்வரலாறா நாவலா என்றும், பேச்சுமொழி இலக்கியம் ஆகுமா என்றும் விவாதித்தே நம் விமர்சனம் காலத்தைக் கழித்தது. உடைந்துபோன ஒரு தன்னிலை எப்படி எழுந்து நிற்கிறது என்கிற கேள்வியோடு அதை வாசித்தது குறைவு.

பலரும் எடுத்துக்காட்டுகிற இடம்தான்: தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையில் படாமல் சணலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நாயக்கரிடம் போகிறார். பார்க்கிற சிறுமிக்குச் சிரிப்பு. வீட்டில் அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, காரணத்தைச் சொல்கிறார். சிரிப்பு கோபமாக மாறுகிறது. அந்தப் பாரத்தை அவள் தனியாகச் சுமக்கும்படி பிரதி விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். அவர் 'பாக்காத' என்றும் சொல்லவில்லை, 'தைரியமா இரு' என்றும் சொல்லவில்லை. நடந்ததற்குப் பெயர் சொல்கிறார்: தீண்டாமை.

'சங்கதி'யில் (1994) இன்னும் ஒரு படி. நம்ம தெருப் பெண்களுக்கே ஏன் பேய் பிடிக்கிறது என்று கதைசொல்லி யோசிக்கிறாள். காட்டில் பாடு, வீட்டில் அடி, ஓய்வே கிடையாது. உடம்பு பேச வழியில்லாததைப் பேய் வந்து பேசுகிறது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிற பகுத்தறிவும் நோய் என்று மட்டும் எழுதிக்கொள்கிற மருத்துவமும் தவறவிடுவதை இந்தப் பிரதி பிடித்துவிடுகிறது. பேய் இங்கே ஒரு புகார் மனு.

எழுதினால் ஆறிவிடும் என்று நான் சொல்லவில்லை. 'கருக்கு' வந்தபோது பாமாவின் ஊரிலேயே கோபம் கிளம்பியது. சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பெயர் சொல்வது முதலில் ரணத்தைக் கீறும். சேர்ந்து வாசிப்பது பிறகுதான் நடக்கும்.

5

இந்த இடத்தில் ஒப்பாரியைக் கொண்டாட ஆசை வரும். தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து, பெயர் சொல்லி, முறை சொல்லி அழுவது. செத்தவருக்கு அழ வந்தவள் தன் தாய்க்கும் சேர்த்து அழுதுவிட்டுப் போவாள். கூட்டாகத் துக்கம் காக்கும் வடிவம்தான் இது. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஊரார் சாவுக்குப் பறையடிக்கவும் கேதம் சொல்லப் போகவும் குழி வெட்டவும் ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கட்டாயப்படுத்திய மரபும் இதோடு ஒட்டியதுதான். அதைச் செய்ய மறுத்ததே ஒரு போராட்ட வரலாறு. துக்கமும் இங்கே சாதிவாரியாகப் பங்கிடப்பட்ட உழைப்பு. யாருடைய துக்கத்தை யார் சுமப்பது என்று கேட்காமல் 'மரபிலேயே மருந்து இருக்கிறது' என்பது ஏமாற்று.

எங்கள் கூட்டத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. நாங்கள் வாதம் செய்தோம், அவர் சுமந்தார். எல்லாச் செய்தியையும் தேடி வாசித்துக் கொண்டுவந்து கொட்டுகிற வேலை அவருடையது, தத்துவம் பேசுகிற வேலை எங்களுடையது. அவர் சரிந்ததும் அவரிடமே காரணம் கேட்டோம்.

போன முறை கூட்டத்தைச் சத்திரப்பட்டியில் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்தோம். 'சங்கதி'யில் பேய் வருகிற பகுதியைச் சத்தமாக வாசித்தோம். அவர் மனைவி நிலைவாசலில் நின்று கேட்டுவிட்டு, 'எங்க அத்தைக்கும் இப்படித்தான் வரும்' என்று ஆரம்பித்தார். அன்றைக்கு அதற்குமேல் புத்தகம் திறக்கவில்லை. தோழரிடம் நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். 'விடு தம்பி' என்றார்.

ஒரு ஏற்பாடும் செய்துகொண்டோம். வாரம் ஒருவர் முறை வைத்துச் செய்தி வாசிப்பது, எண்ணிக்கையோடு நிறுத்தாமல் பெயர் தெரிந்தவரைக்கும் பெயரோடு கூட்டத்தில் சொல்வது. தோழர் இன்னும் பேப்பர் வாங்கவில்லை. தறிக்குப் போகிறார், கூட்டத்துக்கும் வருகிறார். இந்த வாரம் என் முறை.