மூன்று மணி நேரம் யாருடையது?

1893 பிப்ரவரி 22. நியூயார்க்கில் கடும் பனிப்புயல். ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் ஐந்தாம் அவென்யூவில் கைக்கேமராவோடு மூன்று மணி நேரம் நின்றார். சரியான நொடிக்குக் காத்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அப்படிக் கிடைத்ததுதான் 'குளிர்காலம், ஐந்தாம் அவென்யூ'. அந்த மூன்று மணி நேரத்தை ஏதோ தவம் மாதிரி பேசுறாங்க.

எனக்கொரு கேள்வி. படத்தில் பனியைக் கிழித்துக் குதிரைவண்டி ஓட்டி வருகிறாரே, அவர் எத்தனை மணி நேரமாக அந்தக் குளிரில் இருந்தார்? நான் படிச்ச எதிலயும் அந்தக் கணக்கு இல்ல.

படத்தை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. அதே ஆண்டு அவர் எடுத்த 'டெர்மினல்' படத்தில், ஆவி பறக்கும் டிராம் குதிரைகளுக்கு ஒரு வண்டிக்காரர் தண்ணி காட்டுகிறார். 1890இல் ஜெர்மனியிலிருந்து திரும்பி, சொந்த ஊரிலேயே தனிமையில் கிடந்த தன்னை அந்தக் காட்சி தொட்டதாக ஸ்டீக்லிட்ஸ் பின்னாளில் சொன்னார். இங்கே பனியை விட உழைப்பு முன்னுக்கு வருது. ஆனாலும் வண்டிக்காரரின் முதுகுதான் நமக்குத் தெரிகிறது. படமெடுத்தவரின் தனிமைக்கு அவர் ஆறுதல். அவருடைய தனிமையை யார் கேட்டது?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம் வடிந்ததும், வெளி மாவட்டத் துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து குப்பை அள்ள வைத்தார்கள். மழையின் அழகு பற்றி யார் பேசினாலும் எனக்கு அவங்க ஞாபகம்தான் வருது. அழகு பொய்னு நான் சொல்லல. படமெடுத்தவர் நின்ற நேரத்தை எழுதுற விமர்சகர், படத்துக்குள்ள நிக்கிறவரின் நேரத்தையும் எழுதணும். அவ்வளவுதான் கேக்குறோம்.