கட்டையும் தோலும்: ஆற்காட்டுக் கூத்தின் பாணிகளும் தரமும்

எங்கள் ஆம்பூர்த் தோல்ஷாப்புகளில் தரம் பிரிக்கிறவர் தோலின் முதுகுப் பக்கத்தை அதிகம் பார்க்கமாட்டார். எந்த ஆட்டுக்கும் முதுகுத் தோல் கெட்டியாகத்தான் இருக்கும். அவர் விரல் நேராக அடிவயிற்றுக்குப் போகும். அங்கே தோல் தொய்ந்திருக்கிறதா, மடித்தால் சுருக்கம் விழுகிறதா என்று பார்ப்பார். அடுத்த நொடியில் அந்தத் தோல் அதற்கு உரிய அடுக்கில் போய் விழும். இருபது வருடம் அப்படிப்பட்ட ஒரு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கெழுதியவன் நான். கூத்தின் தரத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான் என்றால் கூத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் கூத்தைப் பார்க்கவே என்னை அனுப்பியது வங்காளம். சில வருடங்களுக்கு முன் நண்பர்களோடு புருலியா மாவட்டத்திலுள்ள சரிதா என்ற கிராமத்துக்குப் போயிருந்தேன். தெருவின் இரு பக்கமும் வீட்டுக்கு வீடு முகமூடிப் பட்டறை. களிமண்ணில் முகம் பிடித்து, அதன்மேல் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, துணி போர்த்தி, காயவைத்து, வண்ணம் தீட்டுகிறார்கள். துர்க்கையும் மகிஷாசுரனும் திண்ணையில் வரிசையாக உலர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு ஆடுவதுதான் சௌ ஆட்டம். யுனெஸ்கோ அதை 2010-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் மூன்று பாணிகள் உண்டு: வங்காளத்தின் புருலியா, ஜார்க்கண்டின் சராய்கேலா, ஒடிசாவின் மயூர்பஞ்ச். புருலியாக்காரர்களின் முகமூடி பெரியது, தலைக்கு மேல் விரிந்த அலங்காரம் கொண்டது. முகம் மறைந்துவிடுவதால் கோபமும் வீரமும் தோளுக்கும் கழுத்துக்கும் காலுக்கும் இறங்கிவிடுகின்றன. ஆள் அந்தரத்தில் சுழன்று மண்ணில் முட்டி போட்டு விழுகிறார். சராய்கேலா முகமூடி சின்னது, வழவழப்பானது, ஆட்டமும் மெல்லியது. மயூர்பஞ்சில் முகமூடியே கிடையாது. கைவினைஞன் செய்கிற பொருளைத் தொட்டுப் பார்த்தாலே பாணி புரிந்துவிடுகிறது.

திரும்பி வரும்போது ரயிலில் வெட்கமாக இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் மரத்தைச் செதுக்கித் தோளில் ஏற்றிக்கொண்டு விடிய விடிய ஆடுகிறார்கள். அந்த மரத்தை நான் ஒரு நாளும் கிட்டப்போய்ப் பார்த்ததில்லை. அதன்பிறகு பங்குனி பிறந்தால் ஆம்பூரில் பஸ் ஏறி, வேலூர், இராணிப்பேட்டை வழியாகப் பாலாற்றைத் தாண்டி ஆற்காடு, அங்கிருந்து செய்யாறு பக்கம் என்று பல இரவுகள் அலைந்தேன். இந்தக் கட்டுரை அந்த அலைச்சலின் கணக்கு.

பெயர் வழக்கு

கூத்துக்குப் பெயர் என்ன என்பதிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. படித்தவர்கள் தெருக்கூத்து என்கிறார்கள். ஆடுகிறவர்களில் ஒரு சாராருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. தெருவில் ஆடுவது என்றால் ஏதோ மட்டம் என்ற தொனி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் குறை. பெருங்கட்டூர் பொ. ராஜகோபாலும் டச்சு ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் 'கட்டைக்கூத்து' என்ற பெயரை முன்வைத்தார்கள். 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் அந்தப் பெயரையே சூடிக்கொண்டது. செய்யாற்றை அடுத்த புரிசையின் கூத்துக்காரர்களோ தெருக்கூத்து மன்றம் என்றே பலகை வைத்திருக்கிறார்கள். ஊர்ச் சனம் இரண்டும் சொல்லாது. "இன்னிக்கி நாடகம் கீதுபா" என்றுதான் சொல்லும்.

எனக்கு இந்த வழக்கில் தீர்ப்பு சொல்லத் தகுதியில்லை. ஆனால் கட்டை என்ற சொல்லைப் பெயருக்குள் கொண்டுவந்தவர்கள் ஒரு பெரிய உண்மையைச் சுட்டிக்காட்டினார்கள். இந்த ஆட்டத்தின் இலக்கணம் பாதி அந்த மரத்துக்குள் இருக்கிறது.

தோளில் ஏறும் மரம்

கட்டை என்பது அரச வேடத்துக்கான மர அணிகள்: தலையில் கிரீடம், காதோரம் இறங்கும் கட்டைகள், இரு தோளிலும் சிறகுபோல் எழும் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். கனம் தாங்க வேண்டும் என்பதால் கல்யாணமுருங்கை போன்ற லேசான மரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். செதுக்கி, வண்ணம் பூசி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் பதிக்கிறார்கள். தீப்பந்த வெளிச்சத்துக்குச் செய்யப்பட்டது இது. பந்தம் அசைய அசைய ஒவ்வொரு கண்ணாடிச் சில்லும் தனித்தனியாகத் துடிக்கும். இன்றைய டியூப் லைட்டுக்குக் கீழே அந்தத் துடிப்பு பாதியாகிவிடுகிறது.

ஒப்பனை இடத்தில், மறைப்புக்குப் பின்னால், ஒருவர் கட்டை கட்டுவதைப் பாருங்கள். முத்துவெள்ளையும் அரிதாரமும் குழைத்து முகம் எழுதி முடித்தபின், தலையைச் சுற்றித் துணியை இறுக்கி, அதன்மேல் கிரீடம் ஏறும். பின்னால் ஒருவர் முட்டியை முதுகில் ஊன்றிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவார். புஜக்கட்டை ஏறிய நொடியில் அந்த ஆள் கையைத் தொங்கவிட்டு நடக்க முடியாது. முழங்கை தானாக விலகும், நெஞ்சு தானாக நிமிரும், கழுத்து தனியாகத் திரும்பாது. யாரையாவது பார்க்க வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். அப்படித் திருப்பிச் சுழல்வதுதான் கிறிக்கி. பாவாடை விரிய, சலங்கை ஒலிக்க, வட்டமடித்து நிற்கும் அந்தச் சுழற்சியைப் பார்க்கும்போது ஒன்று புரிகிறது. அரசனுக்குரிய மிடுக்கை நடிகர் கற்றுக்கொள்வதற்கு முன்பே கட்டை கற்றுக்கொடுத்துவிடுகிறது. பகலில் நெல் அறுத்தவர் இரவு பத்து மணிக்குத் துரியோதனனாவது இப்படித்தான்.

வடக்கத்தி, தெற்கத்தி

கூத்துக்காரர்கள் தங்கள் மரபை இரண்டு பெரிய பாணிகளாகப் பிரித்துச் சொல்வார்கள். ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் வட்டாரம் வடக்கத்திப் பாணி. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பக்கம் தெற்கத்திப் பாணி. மேற்கே தருமபுரி, சேலம் பகுதியில் இன்னொரு கிளை தழைத்திருக்கிறது. பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களின் எல்லையை ஏறக்குறைய ஒட்டியே இந்தப் பிரிவு வருவதால், கலெக்டர் போட்ட கோடோ என்று தோன்றும். கோடுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் வேலூர் மூன்றானது. ஆற்காடு இராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போய்விட்டன. பாணி மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

பாணிக்குப் பாணி என்ன வேறுபாடு என்று கேட்டால் வாத்தியார்கள் மூன்றைச் சொல்வார்கள்: மெட்டு, அடவு, கட்டை. ஒரே கர்ணன், ஒரே சோகம், ஆனால் பாட்டு வேறு ராகத்தில் எழும், கால் வேறு இடத்தில் விழும். இதெல்லாம் கல்லில் எழுதிய விதியல்ல. ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஆள் குறைந்தால் இன்னொரு ஜமாவிலிருந்து வந்து ஆடுவார். அவரோடு ஒரு மெட்டும் எல்லை தாண்டி வந்துவிடும். கன்னட நாட்டு யட்சகானத்திலும் இதே கதைதான். அங்கே படகுத் திட்டு, தெங்குத் திட்டு என்று வடக்கும் தெற்கும் உண்டு. வடக்கத்திக்காரர் துணி சுற்றிய பெரிய முண்டாசு கட்டுவார், தெற்கத்திக்காரர் கிரீடம் வைப்பார். தலையைப் பார்த்தே பாணியைச் சொல்லிவிடலாம்.

இரண்டு பாணிக்கும் பொதுவான தாய்வீடு திரௌபதியம்மன் கோயில். செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலை மூலக் கோயிலாகக் கருதுகிறார்கள். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்த வழிபாட்டைப் பற்றி 1988-இலும் 1991-இலும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். ரிச்சர்ட் ஃப்ராஸ்கா கூத்தையே மையமாக வைத்து 1990-இல் ஒரு நூல் தந்தார். திருவிழாவில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதமோ நல்லாப்பிள்ளை பாரதமோ வாசித்து விளக்குவார். இரவில் அதே கதை ஆடுகளமான களரியில் எழும். அர்ச்சுனன் தபசன்று நட்டுவைத்த உயரமான மரத்தில் நடிகர் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து பூவும் பழமும் வீசுவார். கீழே பெண்கள் மடியேந்திக் காத்திருப்பார்கள். கடைசி நாள் காலை, ஊர்ப் பொட்டலில் மண்ணால் கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனனின் தொடையில் பீமன் கதையால் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி. அந்த நாட்களில் நடிகர் பிழைவிட்டால் அது நாடகத்தில் விழுந்த பிழையாக மட்டும் நிற்காது, சாமி காரியத்தில் விழுந்த பிழை ஆகிவிடும்.

இரவு மூன்று மணி

இப்போது தரத்துக்கு வருகிறேன். கூத்தில் முதுகு எது, அடிவயிறு எது?

திரைப்பிரவேசம் முதுகு. இருவர் திரை பிடிக்க, பின்னாலிருந்து குரல் எழும்பி, சலங்கை அதிர்ந்து, திரை விலகி வேடம் வெளிப்படும்போது முகவீணை உச்சத்தில் இருக்கும். மிருதங்கக்காரர் அப்போதுதான் புதுசாக வந்தவர்போல் அடிப்பார். அந்த நேரத்தில் எந்த ஜமாவும் நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் செய்தித்தாளில் வரும் படமும் அந்த நேரத்துப் படம்தான்.

அடிவயிறு, இரவு இரண்டரைக்கும் நாலுக்கும் இடையிலான நேரம். பிள்ளைகள் கோணியில் தூங்கிவிட்டார்கள். டீக்கடையில் ஸ்டவ் அணைந்துவிட்டது. நான்கு மணிநேரம் கட்டை சுமந்தவருக்குத் தோள் மரத்துப் போயிருக்கும். அப்போது ஒரு ஜமா என்ன செய்கிறது என்பதில் அதன் அடுக்கு தெரியும்.

ஆற்காட்டுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் கர்ண மோட்சம் பார்த்தேன். மூன்று மணிக்குக் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் வந்தது. கூத்துப் பொன்னுருவி கணவனின் பிறப்பைக் குத்திக்காட்டுகிறவள். தேரோட்டி வளர்த்த பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று அவனை அண்டவிடாதவள். உண்மை தெரிந்து அவள் உடைகிற நேரத்தில் அவன் சாகப் போய்க்கொண்டிருக்கிறான். பெண் வேடம் போட்டவர் நாற்பதைத் தாண்டியவர். விருத்தத்தை இழுத்து, தரு என்ற பாட்டை எடுத்து, வசனத்துக்கு இறங்கினார். பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியை வாங்கித் திருப்பிப் பாட வேண்டிய இடத்தில் ஹார்மோனியக்காரருக்குக் கண் சொக்கியது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் சட்டென்று ஒரு கிண்டலை வீசினான். கூட்டம் சிரித்தது, ஹார்மோனியம் விழித்தது, சோகம் அறுந்த இடத்திலிருந்தே மறுபடி ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஒரு தருவ முழுங்கிட்டான்பா" என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. பாடம் தெரியும்.

எழுதாத அந்தச் சட்டத்தை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். மைக் நின்றாலும் கடைசி வரிசைக்குக் குரல் எட்ட வேண்டும். பாடம் குறையக் கூடாது, ஆனால் தேவைக்கு நீட்டத் தெரிய வேண்டும். கட்டையின் கனம் பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது. பின்பாட்டு முன்பாட்டைத் தாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அறுந்ததை ஒட்டத் தெரிந்த ஒரு கட்டியங்காரன் வேண்டும். வடக்கத்தியோ தெற்கத்தியோ, இந்தச் சட்டத்தில் பாணி பேதம் இல்லை. நாற்பது நிமிட மேடை விழாக்களில் கூத்தை வெட்டிக் கொடுக்கும்போது நாம் முதுகை மட்டும் அறுத்துக் காட்டுகிறோம். தரம் பிரிக்கும் இடமே வெளியே போய்விடுகிறது.

புரிசையும் குருகுலமும்

மரபைக் கற்றுக்கொடுப்பதில் இரண்டு வழிகளை இந்த வட்டாரம் கண்டிருக்கிறது. ஒன்று குடும்ப வழி. செய்யாற்றை அடுத்த புரிசையில் தம்பிரான் பரம்பரை பல தலைமுறையாகக் கூத்தாடிவருகிறது. நடேசத் தம்பிரான், கண்ணப்பத் தம்பிரான் ஆகியோரின் ஆட்டத்தைச் சென்னையின் நவீன நாடகக்காரர்கள் தேடி வந்து பார்த்தார்கள். அவர்களில் முதலில் நிற்பவர் கூத்துப்பட்டறையை உருவாக்கிய ந. முத்துசாமி. கூத்தைப் பற்றிய அவர் கட்டுரைகள் 'அன்று பூட்டிய வண்டி' என்ற நூலாயின. கண்ணப்பத் தம்பிரானின் மகன் கண்ணப்ப சம்பந்தன் காலத்தில் லத்தீன் அமெரிக்க எழுத்தாளர் மார்க்வெஸின் கதை ஒன்றுகூடக் கூத்தாகியது.

இன்னொன்று பள்ளி வழி. ராஜகோபாலும் டி புருயினும் 2002-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் பள்ளிப்படிப்போடு கூத்தும் கற்றார்கள். 2020 வரை அது நடந்தது. அங்கே நடந்த பெரிய காரியம், பெண் பிள்ளைகளும் கட்டை கட்டியதுதான். ஆண்களே பெண் வேடமும் போட்ட மரபில் பெண்கள் துரியோதனனாகவும் கர்ணனாகவும் வந்தார்கள். மரபு போயிற்று என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. மரத்தின் கனத்துக்கு ஆண் பெண் தெரியாது. தூக்கிச் சுழன்று மூன்று மணிக்கும் குரல் கொடுத்தால் அவர் கட்டை வேடக்காரர்தான்.

அந்தக் கர்ண மோட்சம் விடிந்தபோது ஆறு மணி. கர்ணன் வேடக்காரர் திண்ணையில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தேய்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டிலும் கயிற்றுத் தடம் சிவந்திருந்தது. அவிழ்த்துவைத்த சலங்கையை எடுத்துப் பார்த்தேன். மணிகளைத் தைத்திருந்த தோல் வேர்வையில் கறுத்திருந்தது. கைப்பழக்கத்தில் ஓரத்தை மடித்துப் பார்த்தேன். ஆவாரம்பட்டையில் பதமான பழைய தோல், ஒரு சுருக்கமும் விழவில்லை.

"முதுகுத் தோலு சார்," என்றார் அவர். "இதுக்கு வயித்துத் தோலு ஆவாது, இழுத்துக்கும். நீங்க எந்த ஊரு?"

ஆம்பூர் என்றேன். முகம் மலர்ந்தது.

"அப்ப அடுத்த வாட்டி வரப்போ பட்டையில போட்ட தோலா ஒரு துண்டு கொண்டாங்க. குரோம் தோலு வேணாம். ரெண்டு ஆட்டத்துல தொங்கிடுது."

நான் வாங்கி வைத்திருக்கிறேன். பங்குனி வரட்டும்.