பொகோட்டாவின் தங்கமும் காணாமல் போன செம்பும்

கொலம்பியாவின் மத்திய வங்கி 1939இல் ஒரு சுண்ணாம்புக் கரண்டகத்தை விலைக்கு வாங்கியது. கோக்கா இலையோடு சேர்த்து மெல்வதற்கான சுண்ணாம்பைப் பண்டைய கிம்பாயா மக்கள் வைத்திருந்த பாத்திரம் அது. பொபோரோ என்பது அதன் பெயர். மெழுகு வார்ப்பில் செய்த, பளபளக்கும் வழுவழுப்பான குடுவை. அந்த ஒரு கொள்முதலில் பிறந்த பொகோட்டா தங்க அருங்காட்சியகத்தில் இன்று சுமார் 34,000 பொன் பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி அகழாய்வாளர் எடுத்தவை அல்ல. குவாக்கேரோ எனப்படும் கல்லறைத் தோண்டிகளின் கைகளைக் கடந்து வந்தவை. இப்படி வாங்கிச் சேர்த்தது மீட்பா, சூறையாடலுக்குக் கொடுத்த ஊக்கமா என்ற கேள்வியை அந்நாட்டுத் தொல்லியலாளர்கள் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். இரண்டும்தான் என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் 1939இல் இருந்த விகிதம் 1992இல் இல்லை என்பதே என் கணிப்பு.

வாங்கியவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் பார்ப்போம். அன்று அந்தக் கரண்டகத்துக்கு இருந்த இன்னொரு வழி உருக்குமூசை. பெருவில் கஹமார்க்கா நகரில் 1533இல், இன்கா பேரரசன் அத்தஹுவால்பாவின் மீட்புப் பணமாகக் குவிந்த பொன், வெள்ளிப் பொருள்களை ஸ்பானியர்கள் மாதக்கணக்கில் உருக்கினார்கள். நான்கு நூற்றாண்டு கழிந்தும் தோண்டியெடுத்த பொருளைப் பொன் வணிகர்கள் எடைக்கே வாங்கினார்கள். 1890இல் ஃபிலாந்தியாவில் கிடைத்த பெரும் கிம்பாயாப் புதையலை அரசே விலைக்கு வாங்கி, 1893இல் ஸ்பெயின் அரசிக்குப் பரிசாக அனுப்பியது. அதன் 122 பொருள்கள் இன்றும் மாட்ரிட்டில்தான் உள்ளன. இந்தச் சூழலில், தங்கத்தை எடைபோட்டு வாங்குவதையே தொழிலாகக் கொண்ட ஒரு வங்கி வேலைப்பாட்டுக்கு விலை கொடுக்கத் துணிந்தது சிறிய காரியம் அல்ல.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பண்டைய ஆண்டீஸ் கம்மியர்கள் தங்கத்தைப் பார்த்த விதமும் சேகரிப்பாளர்கள் பார்க்கும் விதமும் ஒன்றல்ல. நகைக்கடையில் செம்பு என்றால் மாற்றுக் குறைவு. ஆண்டீஸ் பட்டறைகளில் அதுவே பாதி வித்தை. தும்பாகா என்ற பொன்-செம்புக் கலவை தனிப் பொன்னைவிடக் கடினமானது, அச்சில் நன்றாக ஓடிப் பாய்வது. தங்கம் 1064 பாகையிலும் செம்பு 1085 பாகையிலும் உருகும். உரிய விகிதத்தில் கலந்தால் 910 பாகையை ஒட்டியே உருகிவிடும். ஊதுகுழலால் மூச்சுக் காற்றை ஊதி உலை வளர்த்தவர்களுக்கு இந்த நூற்றைம்பது பாகை எவ்வளவு பெரிய சலுகை! கலவைத் தகட்டை அடித்துக் காய்ச்சும்போது மேற்பரப்பின் செம்பு கருகும். புளிப்பான தாவரச் சாறு போன்ற ஒன்றில் அதைக் கரைத்து நீக்கினால் மேலே பொன் மட்டும் மிஞ்சும். உள்ளே இருந்த பொன்னை முகத்துக்குக் கொண்டுவரும் வேலை இது, பூச்சு அல்ல. பொருளின் உள்ளியல்பை வெளியே தெரியவைப்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது என்று வாதிட்டவர் அமெரிக்க ஆய்வாளர் ஹெதர் லெக்ட்மன்.

இங்கே ஒரு சங்கடத்தை மறைக்கக் கூடாது. பண்டைய பெருவின் மோச்சே கம்மியர்கள் மின்சாரமே இல்லாமல், கரைசலில் கரைத்த பொன்னைச் செம்பின்மேல் நுண்படலமாகப் படியவைத்திருக்கக்கூடும் என்பதை லெக்ட்மன் குழு 1982இல் விளக்கியது. அதற்கு அவர்கள் ஆராய்ந்தவை வட பெருவின் லோமா நேக்ரா இடுகாட்டிலிருந்து சூறையாடப்பட்ட செம்புப் பொருள்கள். ஆக, இடம் தெரியாத பொருளும் பேசும். எப்படிச் செய்யப்பட்டது என்பதை அதன் உடம்பே சொல்லிவிடும். யாருக்காக, எதன் பக்கத்தில், எப்போது என்று கேட்டால்தான் ஊமையாகிவிடும்.

அதே வட பெருவில் உள்ள சிப்பானை நினைத்துப் பாருங்கள். 1987இல் அங்கே ஒரு கல்லறையைத் திருடர்கள் காலிசெய்த பிறகு, தொல்லியலாளர் வால்ட்டர் ஆல்வாவின் குழு அதே மேட்டில் தீண்டப்படாத இன்னொன்றைத் திறந்தது. அதில் புதைக்கப்பட்டிருந்த மோச்சே தலைவனின் கழுத்தில் வேர்க்கடலை வடிவ மாலை: வலப்பக்கம் 10 தங்கக் கடலை, இடப்பக்கம் 10 வெள்ளிக் கடலை. சந்தைக்குப் போயிருந்தால் வெள்ளி ஒரு கையிலும் தங்கம் இன்னொரு கையிலுமாகப் பிரிந்திருக்கும்; வலம்-இடம் என்ற அந்த ஒழுங்கு யாருக்கும் தெரிந்திருக்காது. அதைவிட என்னை ஈர்ப்பது சவப்பெட்டி. மரம் மக்கிவிட்டது. பலகைகளைப் பிணைத்திருந்த செம்புப் பட்டைகள் கிடந்த நிலையை வைத்தே அது பெட்டி என்று கண்டறிந்தார்கள். பச்சைக் களிம்பேறிய பட்டையை எந்தக் குவாக்கேரோ விற்கக் கொண்டுபோவான்? மஞ்சளுக்கு விலை வைக்கும் சந்தை பச்சையைக் குப்பையில் எறிந்துவிடுகிறது.

போலிகளும் இதே கதவு வழியாகத்தான் நுழைகின்றன. கரிமக் காலக்கணிப்புக்குப் பொன் பிடிகொடுக்காது. வார்ப்பின் களிமண் கருவில் கரித்துகள் ஒட்டியிருந்தால்தான் உண்டு. எடுத்த இடமும் தெரியாதென்றால் விற்பவன் வாய்ச்சொல்தான் சான்றிதழ். லிமாவின் புகழ்பெற்ற தனியார் தங்க அருங்காட்சியகத்தில் இருந்த உலோகப் பொருள்களில் பெரும்பாலானவை போலி என்று 2001இல் வெளிவந்தபோது பெருவுக்கே தலைகுனிவாயிற்று.

இனி 1992. காவுக்கா பள்ளத்தாக்கில் பல்மீரா நகருக்கு அருகே, மலகானா என்ற கரும்புப் பண்ணையில் பழைய கல்லறைகள் தட்டுப்பட்டன. செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். அதுவரை யாரும் அறியாத ஒரு பாணியில் அமைந்த பொற்பொருள்கள் சந்தைக்கு வந்தன. தங்க அருங்காட்சியகம் சிலவற்றை வாங்கியது. வாங்கியிருக்காவிட்டால் மலகானா என்றொரு பண்பாடு இருந்ததே தெரியாமல் போயிருக்கலாம் என்பது ஆதரவாளர் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் தொல்லியல் செல்வம் நாட்டுக்குச் சொந்தம், அதை விற்க முடியாது என்று கொலம்பியாவின் புதிய அரசியலமைப்பு 1991இலேயே சொல்லிவிட்டது. தனக்கே உரிய பொருளை ஒரு நாடு திருடனிடம் விலைகொடுத்து வாங்குவது, அடுத்த மேட்டுக்கு அவன் போவதற்கான முன்பணம். 1939இல் வங்கியின் போட்டியாளன் உருக்குபவன். 1992இல் அடையாளமற்ற அயல்நாட்டுச் சேகரிப்பாளன். முன்னவனிடம் இழந்தால் பொருளே போய்விடும். பின்னவனிடம் போனதைச் சட்டத்தால் துரத்தலாம்: சிப்பானிலிருந்து கடத்திய பொன் இடுப்புக் கவசம் ஒன்றை அமெரிக்கப் புலனாய்வுத் துறை 1997இல் பிடித்தது, மறு ஆண்டே அது பெருவுக்குத் திரும்பியது. மலகானாவில் தேவைப்பட்டது வங்கியின் காசோலை அல்ல. முதல் வாரத்திலேயே வயலைச் சுற்றி ஒரு காவல் வளையமும், அதற்குள் வேலைசெய்ய ஒரு அகழாய்வுக் குழுவும்.