சறுக்கியது கடைசிச் சீட்டில் அல்ல

கையில் ஒன்பதில் ஒரு ஜோடி. எதிரே கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக அசையாமல் உட்கார்ந்திருப்பவர் இருப்பதையெல்லாம் கட்டி ‘ஆல் இன்’ சொல்லிவிட்டார். கால் செய்வதா, சீட்டை மடக்குவதா? 2003 மே மாதம் லாஸ் வேகாஸில், உலக போக்கர் தொடரின் இறுதி மேசையில் சாம் ஃபார்ஹா முன் நின்ற கேள்வி இது. நெடுநேரம் யோசித்து மடக்கினார். எதிரே இருந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர் கையில் இருந்ததோ ராஜாவும் ஏழும், ஜோடிகூட இல்லை.

தொழில்முறை ஆட்டக்காரர் ஒரு கணக்கரின் பிளஃபுக்கு ஏமாந்தார் என்றுதான் இதை இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்த மடக்கலில் பெரிய குறை தெரியவில்லை. குறை அதற்கு ஒரு சீட்டு முன்னால் இருக்கிறது.

பிளாப்பில், அதாவது தரையில் விரிக்கும் முதல் மூன்று சீட்டில், ஒன்பது, இரண்டு, ஆறு. இருவருமே செக். நான்காவது சீட்டான டர்னில் எட்டு வந்ததும் தரையில் மூன்று இஸ்பேட். ஃபார்ஹா 3 லட்சம் சிப்ஸ் கட்டினார். மணிமேக்கர் அதை 8 லட்சமாக ஏற்றினார். ஃபார்ஹா கால் செய்தார். அந்த நேரத்தில் முந்தியிருந்தவர் ஃபார்ஹாதான். மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜா இருந்ததால், மீதி 44 சீட்டுகளில் எட்டு இஸ்பேட், ஏழோடு வரிசை சேர்க்கும் ஐந்தும் பத்துமாக மேலும் ஆறு, ராஜா மூன்று என 17 சீட்டுகள் அவரைக் காப்பாற்றும். மற்ற 27-ம் ஃபார்ஹாவின் பக்கம்.

எதிராளியின் சீட்டு ஃபார்ஹாவுக்குத் தெரியாதுதான். ஆனால் ஒன்றைக் கேட்டிருக்கலாம்: ‘இப்போது கால் செய்துவிட்டு, அடுத்த சீட்டுக்கு இவர் எல்லாவற்றையும் தள்ளினால் என்ன செய்வேன்?’ மடக்குவேன் என்பதே பதிலானால், 5 லட்சத்தைக் கூடுதலாகப் போட்டிருக்க வேண்டாம். நம் கைதான் பெரிது என்று நம்பினால், அங்கேயே தானே ஆல் இன் போயிருக்கலாம். பெட் கட்டுபவருக்கு ஜெயிக்க இரண்டு வழி: சீட்டு பெரிதாக இருக்கலாம், அல்லது எதிராளி மடக்கலாம். கால் செய்பவருக்கு முதல் வழி மட்டும்தான்.

விடுவதானால் முன்னதாகவே விடுவதுதான் மலிவு என்பது ரம்மி ஆடுபவர்களுக்குப் புதிதல்ல. 101 ஆட்டத்தில் முதலிலேயே ஸ்கூட் விட்டால் 20 புள்ளி. நடுவில் விட்டால் 40.

கடைசிச் சீட்டான ரிவரில் பயனற்ற மூன்று விழுந்தது. நடுவில் குவிந்திருந்த பாட் 18 லட்சத்துக்கு மேல். கால் செய்ய ஆகும் தொகை அதையும் தாண்டியது. பாட் அளவு பெட்டுக்கு, மூன்றில் ஒரு முறை நம் ஊகம் சரியாக இருந்தாலே நஷ்டமில்லை. இங்கே கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு முறை சரியாக இருக்க வேண்டும். தவறினால் ஃபார்ஹாவின் தொடரே அதோடு முடியும். அந்த விலைக்கு வெறும் ஒன்பது ஜோடியை மடக்குவதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு கடைசி ஆட்டம். பிளாப்பில் ஜாக்கி, ஐந்து, நான்கு. ஃபார்ஹாவுக்கு மறுபடியும் தரையின் பெரிய சீட்டில் ஜோடி. இம்முறை ரிவர் வரை காத்திருக்கவில்லை. பிளாப்பிலேயே எல்லா சிப்ஸையும் இறக்கினார். மணிமேக்கரிடம் இருந்தது ஐந்தும் நான்கும், இரண்டு ஜோடி. 839 பேர் ஆடிய போட்டியின் 25 லட்சம் டாலர் கணக்கருக்குப் போனது.

இருவர் மட்டும் மிஞ்சிய மேசையில் ஜாக்கி ஜோடியோடு ஆல் இன் போவதில் தவறில்லை. அன்று ஃபார்ஹா சரியாக ஆடியது போட்டியையே தோற்ற கடைசிக் கையில்தான்.