உடுக்கைக் கட்டை

ஜார்ஜ் நகஷிமாவின் மேஜைகளைப் படங்களில் பார்த்து மயங்கியவர்களில் நானும் ஒருவன். அவர் நமக்கு முற்றிலும் அந்நியரல்ல. 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் அரவிந்தாசிரமத்தின் கோல்கொண்டா விடுதி எழும்பியபோது உடனிருந்து கவனித்த கட்டடக் கலைஞர். அமெரிக்காவிலேயே பிறந்த ஜப்பானியர். அந்த ஒரு குற்றத்துக்காக 1942-ல் ஐடஹோ மாகாணத்து மினிடோகா முகாமில் குடும்பத்தோடு அடைக்கப்பட்டார். ஜப்பானியத் தச்சு நுணுக்கங்களை அங்கேதான், உடன் அடைபட்டிருந்த ஒரு தச்சரிடம் கற்றார்.

பலகையில் வெடிப்பு இருந்தால் அவர் மறைக்கமாட்டார். அதன் குறுக்கே, உடுக்கை வடிவத்தில், வேறு நிற மரத்துண்டு ஒன்றைப் பதித்துவிடுவார். மேற்கொண்டு வெடிக்காமல் அது பிடித்துக்கொள்கிறது. பார்க்க அழகாக இருப்பது அதற்கு அப்புறம்தான். மரத்தின் ஆன்மாவைப் பற்றி அவர் 1981-ல் ஒரு புத்தகம் எழுதினார். எனக்கென்னவோ அந்த ஆன்மாவைவிட இந்தக் கட்டையில்தான் நம்பிக்கை அதிகம்.

எங்கள் கிராமத்து வீட்டின் பழைய பலாப்பலகை ஒன்றை, நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்து மேஜையாக்கச் சொன்னேன். அதிலும் ஒரு வெடிப்பு உண்டு. மேஜை நான்கு உடுக்கைகளோடு வந்தது. இரண்டு வெடிப்பின் மேல். மற்ற இரண்டு, பார்வைக்கு ஜோடி சேர்வதற்காக, எதிர்ப்புறத்தில். வந்தவர்களெல்லாம் தடவிப் பார்த்தார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது கோடையில் வெடிப்பின் மேலிருந்த இரண்டும் இடுப்பில் பிளந்தன. எதிர்ப்புறத்து ஜோடி மட்டும் சௌக்கியமாக இருந்தது. வேலை இல்லாதவர்களுக்கு என்ன கஷ்டம்?

பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். உளியால் ஒன்றை நெம்பி எடுத்தார்.

"பள்ளத்தைப் பாருங்க சார். ரூபாய்க் காசு கனம்கூட இல்லே. சுத்திலும் மரத்தூளையும் பசையையும் அப்பியிருக்கான். நாரு வெடிப்போட ஓடுது. குறுக்கே இல்லே ஓடணும்?"

அவர் செய்த முறை வேறு. முதலில் ஈட்டி மரத்தில் கட்டையைச் செதுக்கினார், அடிப்பக்கம் மயிரிழை குறுகலாக. அதைப் பலகையில் வைத்து, கத்தி முனையால் சுற்றிக் கீறினார். பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டாம். கத்திக் கீறலுக்குக் கிடையாதாம். நடுவில் துளைகள் போட்டு மரத்தை எடுத்த பிறகு, உளி மெல்லமெல்லக் கீறலை நோக்கி வந்தது. கடைசிச் சீவல் வெங்காயத் தோல் மாதிரி விழுந்தது. பலகையின் கனத்தில் பாதிக்குமேல் ஆழம். கட்டையைப் பாதிவரை மட்டும் இறக்கிச் சோதித்தார். முழுக்க இறங்கிவிட்டால் திரும்ப வராது. பிறகு வஜ்ஜிரம் தடவி, கொட்டாப்புளியால் தட்டினார். அடியில் உட்கார்ந்ததும் சத்தம் மாறியது. துருத்தி நின்றதை இழைப்புளியால் சீவினார். ஒரு கட்டைக்கு ஒரு காலைப்பொழுது முழுதும் ஆயிற்று.

கடைக்காரனைக் கைத்திறமை இல்லாதவன் என்று நான் சொல்லமாட்டேன். மேலே தெரிந்த விளிம்பில் குறையே காணமுடியாது. தெரியாத பள்ளத்தில்தான் அவன் ஏமாற்றினான். நாவலாசிரியர்களிலும் இந்த ரகம் உண்டு. பெயர் சொன்னால் வம்பு.

எதிர்ப்புறத்து ஜோடியை என்ன செய்யலாம் என்று பெரியவர் கேட்டார். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். விருந்தாளிகள் இன்றும் அந்த இரண்டைத்தான் தடவிப் பார்க்கிறார்கள்.