எலும்பு சேர்வதைப் பார்க்க எவ்வளவு கூர்மை வேண்டும்?

‘எலும்பு சேர்ந்து வருகிறது’ என்று மருத்துவர் சொல்வது, எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றித் தெரியும் வெண்மையான புடைப்பை வைத்துத்தான். காலஸ் எனப்படும் அந்தப் புடைப்புக்குள் என்ன நடக்கிறது என்பது எக்ஸ்ரேக்கு எட்டாது. சாதாரண ஒளி நுண்ணோக்கியும் 200 நானோமீட்டர் அளவோடு நின்றுவிடும். கொலாஜன் நாரில் 67 நானோமீட்டருக்கு ஒன்றாக வரும் வரிகளையும், அதன்மேல் படியும் தாதுத் தகடுகளையும் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

அதில் ஒரு முறை அபாரமானது. அயனிக் கற்றையால் மாதிரியைச் சில நானோமீட்டர் சீவுவார்கள், படம் எடுப்பார்கள், மறுபடியும் சீவுவார்கள். படங்களை அடுக்கினால் முப்பரிமாண உருவம் வந்துவிடும். அவசரமாக உருவான புது எலும்பில் நார்கள் தாறுமாறாகக் கிடப்பதும், எலும்புச் செல்களின் கிளைகள் ஒன்றையொன்று சரியாகத் தொடாமல் இருப்பதும் அதில் துல்லியமாகத் தெரியும்.

ஆனால் எவ்வளவு இடம் தெரிகிறது? பக்கத்துக்குப் பத்து மைக்ரோமீட்டர் கொண்ட கனசதுரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. காலஸோ ஓரிடத்தில் குருத்தெலும்பு, அருகிலேயே எலும்பு, நடுவில் நார்த்திசு என்று கலந்து கிடப்பது. எங்கே வெட்டினோம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும். மேலும், படமாவது நீரை வடித்து, பிசினில் பதித்த செத்த திசு. தாதுவைக் கரைத்துவிட்டு வெட்டும் முறைகளில், எலும்பை எலும்பாக்கும் பொருளே காணாமல் போகிறது. மாதிரியும் பெரும்பாலும் சுண்டெலியுடையது. மனித எலும்பைப் புதுப்பிக்கும் ஹாவர்சியன் குழாய் அமைப்பு அதற்குக் கிடையாது.

இந்தத் துறையின் பெரிய திருப்பமோ மிகைக் கூர்மையால் வந்ததே அல்ல. காலஸின் முதிர்ந்த குருத்தெலும்புச் செல்கள் செத்துப்போகின்றன என்றுதான் பாடநூல்கள் சொல்லிவந்தன. அவற்றில் ஒரு பகுதி எலும்புச் செல்களாகவே மாறுவதை 2014இல் வெளியான ஆய்வுகள் காட்டின. சுண்டெலியின் செல்களுக்கு மரபணு வழியாக ஒளிரும் அடையாளமிட்டுப் பின்தொடர்ந்ததால் கிடைத்த விடை அது. அங்கே வென்றது சரியான கேள்வி. உருப்பெருக்கம் அதற்குத் துணைநின்றது, அவ்வளவுதான்.

கருவி வேண்டாம் என்பதல்ல என் வாதம். தாது எப்படிப் படிகிறது என்று கேட்டால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் ஒரு நோயாளிக்கு எலும்பு ஏன் சேரவில்லை என்று கேட்டால், ரத்த ஓட்டம், முறிவின் அசைவு, புகைப்பழக்கம், சர்க்கரை நோய் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முழுக் காலஸையும் மைக்ரோ சி.டி.யில் படமெடுத்து, எந்த இடத்திலிருந்து மாதிரி எடுத்தோம், எத்தனை விலங்குகளில் பார்த்தோம் என்று சொல்லாத ஆய்வை, அதன் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆதாரமாக ஏற்கக் கூடாது.