குதிகால் நாணும் அதன் தையல் மரபுகளும்

சாரல் பொழியும் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துக்கு வருகின்றவர்களில் எத்தனையோ பேர் பாசி படிந்த பாறையில் வழுக்கி விழுந்து, சிராய்ப்போடு எழுந்து போகிறார்கள், ஆனால் ஐந்தருவிப் பக்கம் ஒரு பாறையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக் காலை உந்திய நடுவயதுக்காரர் ஒருவர், சடாரென்று திரும்பி, "எவம்ல பின்னால நின்னு மிதிச்சது?" என்று ஆளில்லாத இடத்தைப் பார்த்து அதட்டினாராம் என்று தென்காசி நண்பர் ஒருவர் சொன்னபோது, மேற்கொண்டு ஒன்றும் கேளாமலே வியாதி இன்னதென்று எனக்கு விளங்கிவிட்டது. குதிகால் நரம்பு அறுந்தவர்களில் அநேகர் எந்தத் தேசத்திலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச் சதையைக் கையால் அமுக்கினால், நல்ல காலில் பாதம் தானே கீழ்நோக்கி அசையும். அறுந்த காலில் அது சும்மா தொங்கும். சிம்மண்ட்ஸ் 1957-லும் தாம்சன் 1962-லும் எழுதிவைத்த இந்தப் பரீட்சைக்கு யந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

நரம்பு என்று சொல்லிவிட்டேன். நம் ஊர்ப் பேச்சில் ரத்தக் குழாயும் நரம்பு, உணர்ச்சியைக் கொண்டுசெல்வதும் நரம்பு, சதையை எலும்போடு பிணைக்கும் நாணும் நரம்பு. இதைக் கேட்டு நகைக்கும் படித்தவர்கள், மேனாட்டிலும் உணர்ச்சி நரம்பையும் நாணையும் ஒன்றாகக் குழப்பி, ஊசி பட்டால் இசிவு காணுமென்று காலன் என்ற கிரேக்க வைத்தியரின் பெயரால் நெடுங்காலம் நாண்களைத் தைக்காமல் விட்டுவைத்ததையும், தைக்கலாமென்று சொல்ல ஓர் இப்னு ஸீனா வேண்டியிருந்ததையும் நினைத்துக்கொள்வது நல்லது. நம் சுசுருதரோ சணல், மரப்பட்டை நார், மயிர் இவற்றோடு ஸ்நாயு என்ற நாணையே தையல் நூலாகச் சொன்னதுமன்றி, வேல்லிதகம், கோபணிகை, துன்னசேவனி, ருஜுக்ரந்தி என்று தையலை நான்கு வகையாகவும் வகுத்தார்.

தென்காசிக் கோயில் தேர் வடத்தைப் போலப் புரிபுரியாக முறுகி இறங்கும் இந்த நாண், குதிகால் எலும்புக்கு மேலே இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டருக்குள் அறுவதே வழக்கம். அறுந்த முனைகளோ ஊறவைத்து அடித்த தேங்காய் நார். இழைகள் யாவும் நெடுக்குவாட்டில் ஓடுவதால், நெடுகக் கோத்த நூல் இழுத்தவுடன் வெண்ணெயில் கம்பி போல வழிந்து வந்துவிடும். தையல் மரபுகள் பிரிந்ததெல்லாம் இந்த ஓர் இடத்திலேதான். ஸ்டெர்லிங் பன்னெல் நூலைக் குறுக்கும் மறுக்குமாகப் பின்னினார். கெஸ்லர் 1973-இல் முனைகளைச் சதுரமாக வளைத்துப் பிடித்தார். இரண்டுமே கைநாண்களுக்குக் கண்ட தையல்கள், பிற்பாடு காலுக்கு இறங்கின. கிராக்கோ 1986-இல் நாணின் இரு விளிம்பிலும் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு பூட்டு வளையம் போடச் சொன்னார். மாணவப் பருவத்தில் இறைச்சிக் கடையில் வாங்கிய ஆட்டுக்காலில் இதைப் பழகியபோது, வளையத்துக்குள் ஊசியை நுழைக்க மறந்த ஒரே குத்தினால் அந்தப் பக்கம் முழுவதும் தளர்ந்துபோனதை நான் இன்னும் மறக்கவில்லை.

எது பலமானது? 1995-இல் வாட்சன் குழுவினர் பிரேத நாண்களைத் தைத்து இழுத்துப் பார்த்ததில், கெஸ்லர் 85 நியூட்டனிலும், பன்னெல் 93-லும், கிராக்கோ 147-லும் தோற்றன. 147 நியூட்டன் என்பது ஏறக்குறைய 15 கிலோ, ஒரு பெரிய குடம் தண்ணீர். கிராக்கோ மரபினர் இதைக் கொண்டாடியது நியாயமே. ஆனால் அதே கிராக்கோ 2000-இல் ஜாக்கோலாவின் மேஜையில் 161, 2008-இல் ஹஃபர்டின் மேஜையில் 276, 2009-இல் லாபிபின் மேஜையில் வெறும் 81! நூலின் தடிப்பு, இழைகளின் எண்ணிக்கை, முடிச்சு விழும் இடம் எது மாறினாலும் எண் மாறுகிறது. லாபிப் முடிச்சை அறுந்த வாயிலிருந்து தள்ளிப் போட்டமாத்திரத்தில் அதே தையல் 168 ஆயிற்று. ஆகவே ஒரே மேஜையில் ஒரே நூலால் இழுத்த இரண்டை ஒப்பிடலாமேயன்றி, ஓர் ஆய்வுச்சாலையின் எண்ணை வேறோர் ஆய்வுச்சாலையின் எண்ணோடு மோதவிடுவது, தென்காசிச் சந்தைப் படியால் அளந்ததைச் செங்கோட்டைப் படியால் சரிபார்ப்பதற்குச் சமானம். அன்றியும், ஓடும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கைச் சுமக்கும் நாணுக்கு எந்தத் தையலும் முட்டுக்கொடுப்பதோடு சரி; சேர்த்து வைப்பது உடம்பு.

தோலை நீளத் திறந்தால் புண் ஆறத் தாமதிக்கிறதென்று, மா, கிரிஃபித் என்ற இருவர் 1977-இல் சிறு துளைகளின் வழியே தைத்தனர். அங்கேதான் பழைய குழப்பம் வேறு வேஷத்தில் வந்தது: நாணின் வெளிப்புறமாக இறங்கும் சூரல் நரம்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசியில் மாட்டிக்கொண்டது. 2022-இல் நார்வே வைத்தியர்கள் 526 நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கில், நரம்புச் சேதம் துளைத் தையலில் நூற்றுக்கு 5.2, திறந்த தையலில் 2.8, தைக்காதவர்களில் 0.6. மறுபடி அறுந்ததோ தைக்காதவர்களில் 6.2, தைத்த இரு பிரிவிலும் 0.6. ஓராண்டு கழிந்தபின் காலின் உபயோகத்தில் மூன்று பிரிவாருக்கும் சொல்லத்தக்க வேற்றுமை இல்லை. ஆனாலும் மறுபடி அறுவது குறைவென்பதால், முழு வேகத்தில் ஓடியாக வேண்டியவருக்கு நான் இன்னும் தையலைத்தான் சொல்வேன்.

ஐந்தருவிக்காரருக்கு எந்த மரபில் தைத்தார்கள் என்று பின்னொரு நாள் நண்பரைக் கேட்டேன். "தையலா? பாதத்தைக் கீழ வளைச்சு மாவுக்கட்டு போட்டு அனுப்பிட்டாங்க. அடுத்த சாரலுக்கு வந்தாரு, குளிச்சாரு. தாவல" என்றார்.